முன்வயலில் காட்டுயானம்

ஜனவரி 7

பூவிழி மறுபடியும் போன். அரிசிப் பொட்டலத்தின் பின்பக்கத்துக்கு ஒரு பத்தி வேண்டுமாம். சென்னையில் உட்கார்ந்துகொண்டு எங்கள் சின்ன வியாபாரத்தின் விற்பனைப் பக்கத்தை அவள் பார்க்கிறாள். வயலையும் சொற்களையும் நான்.

"எம்பதி பத்தி எழுதுடி. விவசாயத்துல எம்பதி, வியாபாரத்துல எம்பதி, தினசரி வாழ்க்கையில எம்பதி. மூணும் வரணும். நீதானே தத்துவம் படிச்ச."

படித்தேன். அதனால்தான் எழுத வரவில்லை. பரிவு என்று எழுதினால் மேலேயிருந்து கீழே யாரோ ஊற்றுவது போல் இருக்கிறது. ஒத்துணர்வு என்று எழுதினால் பரீட்சை வாசனை. இரண்டையும் அடித்துவிட்டேன்.

மாலையில் சித்தீக் வந்தார். திருக்காட்டுப்பள்ளியில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். சுற்றுவட்டாரத்துக்கு அறுவடை வண்டி பிடித்துக் கொடுப்பவரும் அவர்தான்.

"தங்கச்சி, பின்வயலு தை பாதியில அறுப்புக்கு வந்துரும். ஒங்களுது?"

"மாசிக் கடைசி."

"அப்ப வண்டி எப்டி உள்ள போவும்?"

"யார் கேட்டுட்டு வரச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானாத்தான் கேக்குறேன்."

பொய். அவர் பைக்கைத் திருப்பியது மேலத்தெருப் பக்கம், பின்வயல்காரர் வைரக்கண்ணு வீட்டுக்கு.


ஜனவரி 8

எரிச்சல் ஏன் என்று எனக்கே தெளிவாக எழுதி வைக்கிறேன்.

எங்கள் வயல் சாலையை ஒட்டி இருக்கிறது. அதற்குப் பின்னால் வைரக்கண்ணுவின் வயல். ஒருபுறம் ஆழமான வடிகால், மறுபுறம் வேலியடைத்த மூங்கில் தோப்பு, பின்னால் ஆற்றுக் கரை. ஆக, அவர் வயலுக்கு வண்டி போக ஒரே வழி எங்கள் வயல். இத்தனை வருடம் இது ஒரு பேச்சே இல்லை. இரண்டிலும் ஒரே வயதுப் பயிர். முன்னது அறுபடும், அந்தத் தாளின் மேல் வண்டி ஏறிப் பின்னதுக்குப் போகும்.

இந்த வருடம் அப்பாவிடமிருந்து வயலை நான் வாங்கிக்கொண்டேன். காட்டுயானம் என்ற பழைய நெல் ரகத்தை விட்டேன். ஆறு மாதப் பயிர். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது, இன்னும் பச்சையாக. அவருடையது பொன்னி. மஞ்சள் தட்ட ஆரம்பித்துவிட்டது.

விதைக்கும் முன் சித்தீக் கேட்டார் — என்ன ரகம், என்ன வயசு. வண்டிக்கு வரிசை போடுவதற்காக எல்லோரிடமும் கேட்பாராம். நான் ஏதோ வேவு என்று நினைத்தேன். "என் வயல், என் விதை" என்றேன். பெரிய வாக்கியம். பல்கலைக்கழகத்தில் கைதட்டு கிடைத்திருக்கும்.

வைரக்கண்ணு கேட்கவே இல்லை. அவர்கள் எங்களிடம் கேட்பதில்லை. தாத்தா அவர்கள் பண்ணையில் ஆள். சொல்வார்கள், கேட்க மாட்டார்கள். முன்வயல் விலைக்கு வந்தபோது அவரும் ஆசைப்பட்டார். அப்பா தன் ஓய்வுப் பணத்தைப் போட்டு வாங்கிவிட்டார். அன்றிலிருந்து சொல்வதும் நின்றுபோனது.


ஜனவரி 10

சித்தீக். மறுபடி. "வழி மட்டும் ஒரு ஓரமா..."

"அவரே வந்து கேக்கட்டும்ணே."

"அவரு வரமாட்டாரும்மா."

"அப்ப வண்டியும் வராது."


ஜனவரி 15

பொங்கல். நான்கு தெருவிலும் நான்கு ஸ்பீக்கர். சிந்திக்க ஒரு இடம் இல்லை இந்த ஊரில்.


ஜனவரி 17

அப்பாவிடம் கேட்டேன். அவர் செய்தித்தாளை மடிக்கவில்லை.

"விடாதன்னு நான் சொல்லல. வந்து கேக்கட்டும்."

நான் சொன்னதையே அவரும் சொன்னது ஏனோ எரிச்சலூட்டியது.

அம்மா உள்ளேயிருந்து: "அவரு கேக்க மாட்டாரு. நீங்க குடுக்க மாட்டீங்க. நெல்லு என்னா பண்ணும், றெக்க கட்டிப் பறந்து வந்துருமா?"

அப்பா செய்தித்தாளுக்குள்ளிருந்தே தாத்தா செத்த கதையைச் சொன்னார். எனக்குத் தெரிந்த கதைதான். ஐப்பசி மாதம். சுடுகாட்டுக்குத் தன் வரப்பு வழியாகப் பிணம் போகக் கூடாது என்றார் வைரக்கண்ணுவின் அப்பா. வாய்க்காலில் இறங்கிப் போனார்கள். அப்பா சிறுவன். கொள்ளிச் சட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார். தண்ணீர் நெஞ்சுக்கு. "சட்டி அணையக் கூடாதுன்னு மட்டும்தான் நெனச்சேன். அழக்கூட இல்ல."

இதுவரை கேட்காத ஒன்றையும் சொன்னார். வைரக்கண்ணு அப்போது கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். இவர் வயதுதான்.

இதை எந்தப் பொட்டலத்தின் பின்னால் எழுதுவது, பூவிழி?


ஜனவரி 20

பாலத்தடி டீக்கடை. நான் போனபோது வைரக்கண்ணு பெஞ்சில். எழுந்து போகலாமா என்று யோசித்திருப்பார். டீ பாதிதான் குடித்திருந்தார். நானும் யோசித்தேன். எனக்கும் டீ சொல்லியாகிவிட்டது.

அவர் டீ மாஸ்டரைப் பார்த்து ஆரம்பித்தார். "மாஸ்டரே, இப்பல்லாம் நெல்லுன்னு சொல்லி மூங்கில் நடுறாங்களாமே. ஆளு உள்ள போனா வெளிய தெரியாதாம்."

நானும் மாஸ்டரைப் பார்த்தேன். "மாஸ்டர், ஆவணியில ஒரு வார்த்தை என்ன ரகம்னு கேட்டிருந்தா தையில மூங்கிலப் பத்திப் பேச வேண்டியதில்ல."

"மாஸ்டரே, முன்னாடி இருக்குறவங்கதான் சொல்லிட்டுப் போடணும். அதான் மொறை."

"மாஸ்டர், மொறை எல்லாம் இவங்க எங்களுக்கு நெறைய சொல்லிக் குடுத்திருக்காங்க."

மாஸ்டர் வடிகட்டியைத் தட்டிக்கொண்டே, "ரெண்டு பேரும் என் மூஞ்சியப் பாத்துப் பேசுறீங்க, இங்க பால் பொங்குது. சீனி வேணுமா வேணாமா, அத மட்டும் என்கிட்ட சொல்லுங்க" என்றார்.

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வைரக்கண்ணுவுக்கும் உதடு லேசாகக் கோணியது. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கினேன். அவர் சிரித்தால் நான் ஏன் சிரிக்க வேண்டும்.


ஜனவரி 22

தஞ்சாவூர் போய்விட்டு வரும்போது பஸ்ஸில் ஒரு அம்மா தன் கட்டைப்பையை என் மடியில் வைத்தார். கேட்கவே இல்லை. ஊர் வரும்வரை அதில் ஒரு பூசணிக்காய் என் வயிற்றில் இடித்தது.

கேட்காமல் வாங்கிக்கொள்பவர்கள். கேட்க முடியாமல் நிற்பவர்கள். இந்த இரண்டு வகைக்கு நடுவில்தான் நான் எப்போதும் மாட்டிக்கொள்கிறேன்.


ஜனவரி 24

வங்கக் கடலில் ஏதோ சுற்றுகிறதாம். டெல்டாவுக்கு மழை என்று எல்லா போனிலும் வந்துவிட்டது.

முன்பதிவு செய்த ஒரு வாடிக்கையாளர், திருச்சியில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை: "மழை என்கிறார்களே, என் அரிசி பத்திரமா?" என் அரிசி. பயிர் இப்போதுதான் பால் பிடிக்கிறது. மூன்று பதில் தட்டி அழித்தேன். கடைசியில் "பத்திரம்" என்று மட்டும் அனுப்பினேன்.

என் பயிர் பத்திரம்தான். பச்சைப் பயிருக்கு மழை ஒன்றும் செய்யாது. முற்றிய பயிர்தான் சாயும்.


ஜனவரி 26

தூறல்.

சித்தீக் வரவில்லை. வருவார் என்று இரண்டு முறை வாசலைப் பார்த்தேன்.


ஜனவரி 27

விடிய விடியப் பெய்து, காலையில் விட்டது.

வயலைப் பார்க்கப் போனேன். என்னுடையது நிற்கிறது. நனைந்த யானை மாதிரி. வடிகால் கரையோரமாகவே நடந்து பின்னால் போனேன். ஏன் போனேன்? பார்க்க. சரி, பார்க்கத்தான்.

பாதி வயல் படுத்துவிட்டது. சீவி விட்ட தலை மாதிரி ஒரே பக்கமாக. வைரக்கண்ணு தனியாக நின்றார். மண்வெட்டியால் ஓரத்தை வெட்டித் தண்ணீரை வடிகாலுக்கு இறக்கிக்கொண்டிருந்தார். நடுநடுவே நிறுத்தி, சாய்ந்த கதிரை நான்கைந்து கொத்தாகச் சேர்த்து, தாளாலேயே கட்டி நிமிர்த்தினார். ஒரு முழு வயலை அப்படி நிமிர்த்த முடியாது. அவருக்குத் தெரியாதா. பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூரில்.

என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எங்களுக்கு நடுவில் மாஸ்டர் இல்லை.

இப்போது கேட்பார் என்று நினைத்தேன். வாய் திறந்தது. பிறகு குனிந்து அடுத்த கொத்தைக் கட்டினார்.

அந்த இடத்தில்தான் எனக்கு அது நேர்ந்தது. அவரை எனக்குப் புரிந்துவிட்டது. முழுசாக. அந்த வார்த்தை அவர் தொண்டையில் எங்கே சிக்கியிருக்கிறது என்றுகூடத் தெரிந்தது. ஏனென்றால் எனக்கும் அதே இடத்தில்தான் சிக்கும். பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை நின்றபோது துறைத்தலைவர் அறை வாசல் வரை போய்த் திரும்பியவள் நான். அப்பாவும் அப்படித்தான். கேட்பதைவிட நெஞ்சளவு தண்ணீரில் இறங்குவார்.

யார் கேட்டார்கள் இந்தப் புரிதலை? நான் கோபமாக இருக்க வந்தேன். கோபத்துக்கு எனக்கு நியாயம் இருக்கிறது, பரம்பரையாக இருக்கிறது. இப்போது கோபமும் இருக்கிறது, இந்த மனிதனின் தொண்டையும் என் தொண்டைக்குள் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பூவிழி இதைத்தான் பொட்டலத்தில் அச்சடிக்கச் சொல்கிறாள். அழகான பச்சை எழுத்தில். இது ஒரு தொல்லை, பூவிழி. செருப்புக்குள் போன கல்.


அதே நாள், சாயங்காலம்

சாய்ந்த நெல் முளைக்க எவ்வளவு நாளாகும் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"தண்ணியில கெடந்தா மூணாம் நாளே மொளகட்டும்." பிறகு, என்னைப் பார்க்காமல், "அருவாள நான் தீட்டித்தான் வச்சிருக்கேன்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் தீட்டுனேன்."

எல்லோரும் சித்தீக் ஆகிவிட்டார்கள்.


ஜனவரி 28

வெட்டினோம். நான், அம்மா, எங்கள் தெருவிலிருந்து மர்யம் அக்கா. மூங்கில் தோப்பு ஓரமாக, ஒரு வண்டி அகலத்துக்கு, சாலையிலிருந்து பின்வரப்பு வரை.

முதல் பிடியை அறுத்தபோது கதிரிலிருந்து பால் கசிந்து கையில் ஒட்டியது. கழுவிய பிறகும் வாசம் போகவில்லை. என் முதல் பயிர். ரகத்தின் பேர் சொல்லி முன்பதிவு வாங்கியிருக்கிறேன். மாட்டுக்குப் போகிறது.

மர்யம் அக்கா கேட்டார்: "ஏன்டி செம்மொழி, அந்தாளு வந்து கேட்டாரா?"

"இல்லக்கா."

"அப்பறம் எதுக்கு அறுக்குற?"

"தெரியலக்கா. அறுங்க."

அப்பா உச்சி வேளையில் வந்தார். சாலையிலேயே நின்றார்.

"இது அவருக்காகன்னா நான் உள்ள எறங்க மாட்டேன்."

"நெல்லுக்காகப்பா."

கொஞ்ச நேரம் யோசித்தார். "நெல்லுக்குன்னா சரி" என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

நெல்லுக்கு என்பது முழு உண்மை இல்லை. அவருக்கு என்பதும் இல்லை. இது மன்னிப்பு இல்லை — இதை மட்டும் தெளிவாக எழுதி வைக்கிறேன். வாய்க்கால் வாய்க்கால்தான். அது அங்கேயே ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வழியைத் திறந்ததால் இன்னொரு வழி மூடப்பட்டது இல்லையென்று ஆகாது.

ஆனால் நாளைக்கு இந்த நெல் முளைக்கும்போது கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் ஆளாக நான் இருக்க முடியவில்லை. அவ்வளவுதான். இதில் நல்லவள் என்று எதுவும் இல்லை. முடியவில்லை.


ஜனவரி 29

நம்ப முடியவில்லை.

காலையில் வைரக்கண்ணு வந்தார். முதன்முறையாக நேராக என்னிடம். நான் நிமிர்ந்து நின்றேன் — ஏதோ ஒரு வார்த்தைக்காக. மறுக்கிற மாதிரி ஒரு பதிலைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன், "அதெல்லாம் ஒண்ணுமில்லங்க" என்று.

வெட்டிய வழியை அந்தக் கோடி வரை நடந்து பார்த்தார். திரும்பி வந்தார்.

"ஏம்மா, இந்தப் பக்கமா வெட்டுனீங்க? மூங்கில் நெழலு, இங்க தரை காயாதே. வடிகால் பக்கம்ல இறுக்கம்."

என்ன சொல்வது இந்த மனிதனிடம்.

"அப்ப அந்தப் பக்கமும் வெட்டவா? மொத்தமா வெட்டிரவா? வேற எதாவது வேணுமா?" கத்திவிட்டேன் என்று அம்மா சொல்கிறாள். சாலையில் போன ஸ்கூட்டி நின்று பார்த்ததாம்.

அவர் பதறவில்லை. காலால் மண்ணை அழுத்திப் பார்த்தார். "இல்ல இல்ல. டயரு இல்லாம பெல்ட் போட்ட வண்டின்னா ஈரத்துலயும் போயிரும். சித்தீக்கிட்ட பெல்ட் வண்டியாப் பாக்கச் சொல்றேன்."

போய்விட்டார்.

அவ்வளவுதான். அவ்வளவேதான்.


ஜனவரி 31

வண்டி வந்தது. டிரைவர் சேலம் பக்கத்துப் பையன். எங்கள் பயிரைப் பார்த்துவிட்டு, "இது என்னங்க, காடா?" என்றான். வழிக்கு ஒருபுறம் மூங்கிலும் மறுபுறம் பயிரும் சுவர் மாதிரி நின்றதில் அவனுக்கு ஓரம் தெரியவில்லை. பெல்ட் என் பயிர் மேல் ஏற ஆரம்பித்தது.

அப்பா முன்னால் குதித்தார். முப்பது வருட கண்டக்டர். வண்டிக்கு முன் பின்னோக்கி நடந்துகொண்டே கையை ஆட்டினார். "வா, வா, ஒடிச்சு வா, நேரா, நேரா... போலாம் ரைட்." கடைசிவரை. வைரக்கண்ணுவின் வரப்பு வந்ததும் நின்றார். அதற்கு மேல் ஒரு அடி வைக்கவில்லை. அங்கிருந்து வைரக்கண்ணு கையை ஆட்ட ஆரம்பித்தார். அவருக்குச் சரியாக வரவில்லை. டிரைவர் அப்பாவையே திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"லெப்ட்ல ஒடிக்கச் சொல்லுங்க அந்தாள" என்று அப்பா சித்தீக்கிடம்.

"லெப்ட்ல ஒடிக்கச் சொல்றாருங்க" என்று சித்தீக் இன்னொரு வரப்புக்கு.

இரண்டு பேர் நடுவில் ஓடி ஓடி மனிதருக்கு மூச்சு வாங்கியது. "அல்லாவே, நான் மோட்டார் ரிப்பேர்காரன்யா" என்றார்.

அடியில் கிடந்த நெல் கொஞ்சம் முளைவிட்டிருந்தது. பெரும்பகுதி தப்பியது.

நன்றி? இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. பொய். எதிர்பார்த்தேன்.


பிப்ரவரி 2

முந்தாநாள் பூவிழியிடம் சொன்னேன்: பொட்டலத்தில் எம்பதி கிடையாது. ரகத்தின் பெயர், ஊர், அறுத்த மாதம். போதும்.

"பிராண்டுக்கு ஒரு மனசு வேணும்டி."

"மனசு இருந்தா எழுதிப் போடுவாங்களா?"

இரண்டு நாளாகப் பேசவில்லை அவள். அவள் பக்கமும் எனக்குத் தெரிகிறது. விற்கவேண்டியது அவள். வீட்டு வாடகை, கடன் இல்லாமல் ஒரு மாதம் — அவள் ராத்திரி பகலாக இணையத்தில் படம் போட்டு வாடிக்கையாளர்களைச் சேர்த்திருக்கிறாள். தெரிந்து தொலைக்கிறது. எல்லோர் பக்கமும் தெரிய ஆரம்பித்தால் ஒரு சண்டையைக்கூட உருப்படியாகப் போட முடியாது.

நானே கூப்பிட்டேன்.


மார்ச் 17

அறுப்பு முடிந்தது. நினைத்ததைவிடக் குறைவு. பதிவு செய்த எல்லோருக்கும் முக்கால் அளவுதான் வரும் என்று எழுதி அனுப்பினோம். காரணமும் எழுதினேன், நேராக: பின்வயலுக்கு வழி விட வேண்டியிருந்தது, பச்சையிலேயே ஒரு பகுதியை வெட்டினோம்.

ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார். ஒருவர் இது என்ன நிர்வாகம் என்றார். திருச்சி ஆசிரியை: "அப்படியா. பின்வயல்காரர் பயிர் பிழைத்ததா?"

அந்தக் கேள்வியை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.


ஆகஸ்ட் 24

வைரக்கண்ணு. வாசலில். அப்பா இல்லை.

"உள்ள வாங்க."

"இருக்கட்டும்." தெருவிலேயே நின்றார். எதிர்வீட்டு ஆட்டைப் பார்த்துக்கொண்டு, "இந்த வருசமும் அந்த ஒசர நெல்லத்தான் விடப் போறீங்களா?"

"ஆமா."

"அப்ப என் வயல்ல போடுங்க. நான் ஒங்களுதுல போட்டுக்குறேன். ஒரு போகத்துக்கு. ஒங்களுது கடைசியா அறுத்தா யாருக்கும் மறிக்காது."

ஆட்டைப் பார்த்தே சொல்லி முடித்தார். நான் இதில் ஒரு ஓட்டையைத் தேடினேன். இல்லை. எளிமையான, ஒழுங்கான யோசனை. இதை நான் யோசிக்கவில்லையே என்பதுதான் முதலில் வந்த எரிச்சல்.

"அப்பாவக் கேட்டுச் சொல்றேன்."

"கேளுங்க. நாத்து விடணும், நாளைக் கடத்தாதீங்க."

அப்பாவிடம் சொன்னேன்.

"வந்து கேட்டாரா?"

"கேட்டாரு."

"உள்ள கூப்புட்டியா?"

"கூப்புட்டேன். வரல."

"சரி. நானும் அவரு வீட்டுக்குள்ள போவ மாட்டேன்." துண்டை உதறித் தோளில் போட்டார். "வயலுக்குள்ள போலாம்."


செப்டம்பர் 30

அவர் வயலில் நட்டோம். அப்பா அந்த வரப்பில் முதன்முறையாக நடந்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். நான் நாற்றைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.


அக்டோபர் 9

இடம் மாறியதில் நான் யோசிக்காத ஒன்று: தண்ணீர். சாலையோர வாய்க்காலிலிருந்து முன்வயலுக்கு வந்து, அங்கிருந்துதான் பின்வயலுக்கு. முன்வயலில் இப்போது அவர். ஒரு வாரமாக வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். என் நாற்றின் அடியில் மண் வெடிக்கிறது.

ஆக, நான் கேட்க வேண்டும்.

காலையில் போனேன். போகும் வழியெல்லாம் வாக்கியத்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். 'கொஞ்சம் தண்ணி விட முடியுமா.' 'மடைய வெட்டி விடுங்க.' 'எங்களுக்கும் தண்ணி வரணும்ல.' எதுவும் சரியில்லை. தொண்டையில் அதே இடம்.

அவர் வரப்பில் உட்கார்ந்து மண்வெட்டியில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் நின்றேன். அவர் தலை நிமிர்ந்தது.

"தண்ணி பத்தலையா?"

"பத்தல."

"இன்னைக்கு எனக்கு வேணும். ஒரம் போட்டிருக்கேன். நாளைக்கு வெட்டி விடுறேன்."

நியாயம்தான். ஒரு நாள் பொறுத்தால் என் நாற்று சாகாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீடு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.


அக்டோபர் 10

விடிந்ததும் போனேன். மடை வெட்டியிருந்தது. வயலில் கணுக்காலளவு தண்ணீர். பக்கத்தில் யாரும் இல்லை.